அடிபட்ட தலையிடமே தீர்ப்பு கேட்பதா?

அமெரிக்க தேசத்தில் பள்ளிக்கூட ஆட்டக் கோஷ்டியில் சேர விரும்புகின்ற பிள்ளை, நினைத்தவுடன் மைதானத்திற்குள் இறங்கி விட முடியாது. முதலில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆறாவது முதல் எட்டாவது வகுப்பு வரையில், அதாவது ஏறக்குறைய பதினொன்றிலிருந்து பதினான்கு வயது வரையிலுள்ள பிள்ளைகள் படிக்கின்ற நடுநிலைப் பள்ளிகளிலும் இதுவே வழக்கம். விளையாட்டு மாணவனிடம் பள்ளிக்கூடம் எதிர்பார்ப்பது இன்னின்னது என்று ஒரு தாள் வீட்டிற்கு வரும். தினந்தோறும் பயிற்சிக்கு வர வேண்டும். பாடங்களில் தேறியிருக்க வேண்டும். பயிற்சி ஆசிரியர் சொல்லைத் தட்டக் கூடாது. நடுவரை எதிர்த்துப் பேசக் கூடாது. தன் சவுகரியத்தைவிடக் கோஷ்டியின் நன்மையையே பெரிதாகக் கருத வேண்டும். பயிற்சிக்கு வராமல் நின்றவனுக்குப் பந்தயத்தில் இடம் கிடைக்காது. இப்படியாகப் பல நிபந்தனைகள். அதோடு இன்னொரு தாளும் வரும். தலையில் அடிபட்டால் மூளையதிர்ச்சி உண்டாகலாம், அதன் குறிகள் இவை இவை, அவை தோன்றினால் உடனே சொல்லி விட வேண்டும் என்பது அதில் கண்ட விஷயம். பிள்ளையும் பெற்றோரும் இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுக்கின்றார்கள். அங்கே போய்க் குடியேறியிருக்கின்ற நம் தமிழ்க் குடும்பங்களும் இதே தாள்களில்தான் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருக்கின்றன.

இந்த இரண்டு தாள்களும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்பதே நமது அபிப்பிராயம். ஒன்று, 'அடங்கி நட, பொறுத்துக்கொள், உன்னைப் பெரிதாக நினையாதே' என்கின்றது. மற்றொன்று, 'வலித்தால் வாய் திறந்து சொல், ஆட்டத்தை விட்டு வெளியே வா' என்கின்றது. பருவம் முழுவதும் தினம் இரண்டு மணி நேரம் முதல் தாளைப் பாடமாகக் கற்ற பிள்ளை, அடிபட்ட நிமிஷத்தில் மட்டும் இரண்டாவது தாளை ஞாபகப்படுத்திக் கொள்ளுவான் என்று எதிர்பார்ப்பது எந்தப் புத்தியில் சேர்ந்தது? அதிலும் அடிபட்டிருப்பது எங்கே? ஞாபகம் வைத்திருக்க வேண்டிய அந்த இடத்திலேயே அல்லவா?

மூளையதிர்ச்சி என்பது என்ன என்பதைச் சற்றுப் பார்ப்போம். மூளை என்பது மண்டை ஓட்டுக்குள் ஒட்டிக் கொண்டிருக்கும் கல் அல்ல. மிருதுவான பொருள், நீரில் மிதந்து கொண்டிருக்கின்றது. ஓடுகிறவன் சடாரென்று மோதி நிற்கும்பொழுது தலை நிற்கின்றது, உள்ளேயிருக்கும் மூளை நிற்பதில்லை. அது முன்னும் பின்னும் ஆடித் திருகிக் கொள்ளுகின்றது. அதனால் மூளையின் நுண்ணிய இழைகள் இழுபட்டு அதன் வேலை தடுமாறுகின்றது. தலையில்தான் அடி விழ வேண்டுமென்பதில்லை. மார்பில் விழுந்த மோதல் கழுத்தை உதறினாலும் போதும். தலைவலி, மயக்கம், குமட்டல், வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசுதல், கேட்டதையே திரும்பக் கேட்டல், எத்தனையாவது ஆட்டம் நடக்கின்றது என்று தெரியாமல் விழித்தல் ஆகியவை அதன் குறிகள். நினைவு தப்பி விழுந்தால்தான் மூளையதிர்ச்சி என்று அநேகர் எண்ணிக் கொண்டிருக்கின்றார்கள். அது தப்பு. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு நினைவு தப்புவதே கிடையாது. இரத்தம் வராது, வீக்கம் இருக்காது, சாதாரணமாக எடுக்கும் படத்திலும் ஒன்றும் தெரியாது. ஆகவே, கண்ணால் கண்டால்தான் காயம் என்பவர்களுக்கு இது காயமாகவே தோன்றுவதில்லை.

தலைக்கவசம் இருக்கின்றதே என்று கேட்கலாம். தலைக்கவசம் மண்டை ஓடு உடைவதைத் தடுக்கும். அந்த மட்டில் அது மெத்த நல்லது, கட்டாயம் போட வேண்டியதுதான். ஆனால் ஓட்டுக்குள்ளே மூளை ஆடுவதை வெளியே மாட்டிய தொப்பி எப்படித் தடுக்கும்? குடத்தைத் துணியில் சுற்றி வைத்து விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் குலுங்காதா?

நிற்க, இந்த வியாதிக்கு அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் வெகுகாலமாக வைத்திருந்த பெயரைக் கவனியுங்கள். ஒருவன் அடிபட்டுத் தள்ளாடினால், 'அவன் தலைக்குள் மணி அடித்து விட்டது' என்பார்களாம். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், இரண்டு நிமிஷம் உட்காருவான், திரும்ப உள்ளே போவான். நம் நாட்டில் அம்மை வார்த்தபொழுது 'ஆத்தா வந்திருக்கின்றாள்' என்று சொல்லி வைத்தியனை வாசற்படியில் நிறுத்தி வைத்தவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே பக்தியின் பேரால் வியாதிக்கு வேறு பெயர்; இங்கே வீரத்தின் பேரால் வேறு பெயர். பெயர் மாறிய உடனே வைத்தியம் வேண்டாததாகி விடுகின்றது. அம்மை ஒழிந்தது ஆத்தா மனம் இரங்கியதால் அல்ல. அதை வியாதி என்று ஒப்புக்கொண்டு அம்மை குத்தியதால் ஒழிந்தது.

இந்த 'மணி அடித்த' கதை எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. வாஷிங்டன் மாகாணத்தில் 2006-ம் வருஷம் அக்டோபர் மாதம் சாக்கரி லைஸ்டெட் என்னும் பதின்மூன்று வயதுப் பையன் தன் பள்ளிக்கூடக் கோஷ்டிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடினான். (அந்த ஆட்டத்திற்குக் கால்பந்து என்று பெயரே தவிர, காலுக்கு வேலை சொற்பம். பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு ஓடுகிறவனை மோதிக் கீழே தள்ளுவதுதான் ஆட்டம். நாம் கால்பந்து என்பதை அங்கே சாக்கர் என்கிறார்கள்.) முதல் பாதி முடியும் சமயத்தில் எதிரியைத் தள்ளப் போனவன் தலை தரையில் மோதிற்று. தலையைப் பிடித்துக் கொண்டு படுத்தான். சற்று நேரம் வெளியே உட்கார்ந்தான். இரண்டாம் பாதியில் திரும்பவும் இறங்கி ஆட்டம் முடிகின்ற வரையில் மோதிக் கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்தது, தலை வலிக்கின்றதென்றான், மைதானத்திலேயே சரிந்து விழுந்தான். சியாட்டில் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஆகாய மார்க்கமாகக் கொண்டு போனார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்து வீங்கியிருந்தபடியால், வீக்கத்திற்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டின் இரு பக்கங்களையும் வைத்தியர்கள் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு வார்த்தை பேச அவனுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. பிறர் பிடித்துக் கொள்ள எழுந்து நிற்பதற்கு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆயிற்று.

அந்தப் பையனைத் திரும்ப உள்ளே அனுப்பியவர்கள் கொலைகாரர்களா? இல்லை. நல்லெண்ணமுள்ளவர்களாகவே இருந்திருப்பார்கள். அன்றைய வழக்கம் அப்படி; அதைத்தான் நாம் பயப்பட வேண்டியது என்கின்றோம். கெட்ட எண்ணமுள்ளவனை ஊர் கண்டுபிடித்து விடும். வழக்கத்தை யார் கண்டுபிடிப்பது?

அவன் பெற்றோரும் வைத்தியர்களும் விடாமல் பாடுபட்டதன் பேரில் 2009-ம் வருஷம் மே மாதம் வாஷிங்டன் மாகாணத்தில் அவன் பெயராலேயே ஒரு சட்டம் ஏற்பட்டது. அதன் சாரம் மூன்று. வருஷந்தோறும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் விஷயத்தை எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் தோன்றினாலே போதும், அப்பொழுதே ஆட்டத்தை விட்டு நீக்க வேண்டும். அவ்விஷயத்தில் பயிற்சி பெற்ற வைத்திய அனுமதிக்காரர் எழுத்து மூலம் அனுமதி கொடுக்கின்ற வரையில் திரும்ப இறக்கக் கூடாது. 2014-ம் வருஷத்திற்குள் ஐம்பது மாகாணங்களும் இம்மாதிரி சட்டம் செய்து விட்டன. இது பெரிய காரியம் என்பதில் ஆட்சேபணையில்லை. பெற்ற பிள்ளைக்கு நேர்ந்த கேட்டைக் 'கர்ம பலன்' என்று சொல்லிக் கொண்டு மூலையில் உட்காராமல், ஊரார் பிள்ளைகளுக்கு அது நேரக் கூடாதென்று சட்டசபை வாசலில் போய் நின்றவர்களை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால், சட்டம் வந்த பிறகு காரியம் சரியாகி விட்டதா? அதே வாஷிங்டன் மாகாணத்தில், 2008 முதல் 2012 வரையில், பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட, தேர்ந்த சாக்கர் கோஷ்டிகளில் ஆடிய 351 பெண் பிள்ளைகளை வைத்தியர்கள் கவனித்து வந்து 2014-ல் கணக்கை வெளியிட்டார்கள். 59 மூளையதிர்ச்சிகள் நேர்ந்திருந்தன. அடிபட்டவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு மேல், குறிகள் இருக்கின்றபொழுதே தொடர்ந்து ஆடியிருக்கின்றார்கள். சட்டம் பிறந்த மாகாணத்திலேயே இந்த நிலைமை! 'ஆண்பிள்ளை வீம்பு' என்று இதற்குச் சமாதானம் சொல்லவும் இடமில்லை. இவர்கள் பெண் பிள்ளைகள்.

இதற்குப் பத்து வருஷத்திற்கு முன் 2004-ல், விஸ்கான்சின் மாகாணத்தில் கால்பந்தாடும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிப் பையன்களை விசாரித்த கணக்கும் இருக்கின்றது. மூளையதிர்ச்சி அடைந்தவர்களில் அதை யாரிடமாவது சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பெரும்பாலோர் அது சொல்லக் கூடிய அளவு பெரிய காயமென்று நினைக்கவில்லை என்றார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல், சொன்னால் ஆட்டத்தை விட்டு நீக்கி விடுவார்களே என்று மறைத்ததாகச் சொன்னார்கள். இந்த இரண்டாவது பதிலில் பொய் இல்லை; கோழைத்தனமும் இல்லை. முதல் தாளில் நாம் கையெழுத்து வாங்கிய பாடத்தைப் பிள்ளை ஒழுங்காகப் படித்திருக்கின்றான் என்பதுதான் அதன் பொருள்.

மறைத்ததால் கோஷ்டிக்காவது லாபம் உண்டா என்றால் அதுவும் கிடையாது. அடிபட்டவுடன் வெளியே வந்தவர்களையும், வராமல் தொடர்ந்து ஆடியவர்களையும் ஒப்பிட்டு 2016-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், வெளியே வந்தவர்கள் குணமடைய சராசரி 22 நாள். தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள். இருபது நிமிஷ ஆட்டத்திற்காக மூன்று வார ஆட்டத்தை விற்கின்ற வியாபாரத்தை எந்தச் செட்டியார் செய்வார்? அதிலும், முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அது லேசான அடியாயிருந்தாலும், மூளை திடீரென்று வீங்கி உயிர் போவதும் உண்டு. அபூர்வந்தான். ஆனால் அப்படி நேருகிறவர்களில் பெரும்பாலோர் சிறு வயதினர்.

இனித் தீர்ப்புச் சொல்லுகிறவர் யார் என்பதைப் பார்ப்போம். மைதானத்தில் பையன் தள்ளாடுகின்றான். அவனைக் கேட்கின்றார்கள்: 'ஆட முடியுமா?' அவன் 'முடியும்' என்கின்றான். குழம்பியிருக்கும் மூளையிடமே, நீ குழம்பியிருக்கிறாயா என்று கேட்டு, அது இல்லையென்று சொன்னதை ஒப்புக்கொள்ளுவதை நாம் விசாரணை என்று சொல்ல மாட்டோம். அடுத்தவர் பயிற்சி ஆசிரியர். அவர் யோக்கியராகவே இருக்கட்டும். ஆனால் அவருடைய வேலை ஜெயிப்பது. ஜெயித்தால் பெயர், தோற்றால் பேச்சு. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்காருவதை நாம் எந்தக் கோர்ட்டிலாவது சம்மதிப்போமா? காயம் கவனிக்கவே படித்துத் தேறிய உதவியாளர் மைதானத்தில் நின்றால் அவர் சொல்லலாம். ஆனால் 2019-ல் வெளியான கணக்குப்படி அந்தப் பணக்கார தேசத்திலேயே உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு அப்படிப்பட்ட ஒருவர் கிடையாது. இன்னும் சிறிய பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அது இன்னமும் அரிது. மைதான விளக்குக்கும் உடுப்புக்கும் வெற்றிக் கேடயத்துக்கும் பணம் இருக்கின்றது!

சுயநலமுள்ளவன் கையில் ஆராய்ச்சியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே சரித்திரம் இருக்கின்றது. அடிபட்டு அடிபட்டுக் குத்துச் சண்டைக்காரர்களின் மூளை கெடுகின்றதென்று 1928-லேயே மார்ட்லண்ட் என்ற வைத்தியர் எழுதி விட்டார். ஆனால் சம்பளத்திற்கு ஆடுகின்ற தேசியக் கால்பந்து லீக் 1994-ல்தான் ஒரு கமிட்டி வைத்தது. அதற்குத் தலைவராகப் போட்டது மூளை வைத்தியரையா? இல்லை, மூட்டு வியாதி வைத்தியரை! பென்னட் ஒமாலு என்கின்ற, நைஜீரியாவிலிருந்து வந்த வைத்தியர் 2002-ல் இறந்துபோன மைக் வெப்ஸ்டர் என்னும் பிரபல ஆட்டக்காரருடைய மூளையை அறுத்துப் பார்த்து, நாட்பட்ட அடியால் அது கெட்டிருந்ததைக் கண்டு 2005-ல் எழுதினார். கமிட்டிக்காரர்கள் அதைத் திரும்ப வாங்கிக் கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடர்ந்து, 2013-ல் லீக் கோடிக்கணக்கான டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அவர்கள் வளர்ந்தவர்கள், வக்கீல் வைக்கத் தெரிந்தவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் வக்கீல்?

'அப்படியானால் பிள்ளைகள் விளையாடவே கூடாதென்கிறீரா?' என்று சிலர் கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. ஓடி ஆடாத பிள்ளைக்கு உடம்பும் கெடும், உற்சாகமும் கெடும். நாம் சொல்லுவது மோதலைப் பற்றி. மோதாமல் ஆட்டம் கற்க முடியாது, மோதல் போனால் ஆட்டத்தின் வீரம் போய்விடும் என்பதுதான் எதிர்க் கட்சியாரின் வாதம். இது புது வாதமல்ல. 1905-ம் வருஷத்தில் ஒரே பருவத்தில் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் கால்பந்தில் செத்துப் போனார்கள்; அதே வருஷத்தில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிக்காரர்களைத் தன் மாளிகைக்கே அழைத்துப் பேச வேண்டி வந்தது. 1906-ல் விதிகளை மாற்றி, பந்தை முன்னால் எறியலாம் என்றார்கள். ஆட்டம் செத்தா போயிற்று? இன்று பந்தை எறிவதைப் பார்க்கத்தான் ஜனங்கள் பணம் கொடுத்துப் போகின்றார்கள்.

டார்ட்மத் கல்லூரியில் 2010 முதல் பயிற்சியின்போது ஒருவரையொருவர் மோதித் தள்ளுவதையே நிறுத்தி விட்டார்கள். பொம்மையை மோதிப் பழகினார்கள். 2015-ல் அக்கல்லூரி தன் கூட்டத்தில் முதலிடத்தைப் பங்கிட்டுக் கொண்டது. கானடாவில் இன்னும் தெளிவான பரீட்சை ஒன்று தானாகவே நடந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆடும் பனிக்கட்டி ஹாக்கியில் உடம்பால் மோதுவதை அல்பெர்ட்டா மாகாணம் அனுமதித்தது. கியூபெக் மாகாணம் அனுமதிக்கவில்லை. ஆட்டம் ஒன்றே, வயது ஒன்றே, விதி மட்டும் வேறு. 2010-ல் வெளியான கணக்கில், மோதல் அனுமதித்த மாகாணத்துப் பிள்ளைகளுக்கு மூளையதிர்ச்சி மூன்று மடங்குக்கு மேல். அடுத்த வருஷமே அமெரிக்க ஹாக்கிச் சங்கம் அந்த வயதினருக்கு மோதலைத் தடுத்தது. 2013-ல் கானடாவும் தடுத்தது. கலிபோர்னியா மாகாணம் 2014-ல் சட்டம் செய்து, நடுநிலைப் பள்ளிக் கோஷ்டிகளுக்கும் சேர்த்து, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மோதல் பயிற்சி கூடாதென்றது. 2015-ல் அமெரிக்க சாக்கர் சங்கம் பத்து வயது வரையில் தலையால் பந்தை முட்டக் கூடாதென்றும், பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரையில் பயிற்சியில் அதைக் குறைக்க வேண்டுமென்றும் விதி செய்தது. இவையெல்லாம் மனிதன் செய்த விதிகள்தானே. மனிதன் மாற்றினான், மாறிற்று. பிள்ளையின் வாயை நம்பி நிற்பதைவிட, அடியே விழாமல் விதியை மாற்றுவது எவ்வளவோ நிச்சயமான வழி.

வைத்தியர்களும் தங்கள் வைத்தியத்தை மாற்றிக் கொண்டிருக்கின்றார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அடிபட்ட பிள்ளையைக் குணமாகின்ற வரையில் இருட்டறையில் போட்டு வைக்கச் சொன்ன காலம் உண்டு. 2022-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் கூடிய நிபுணர்கள் அது வேண்டாமென்றார்கள். ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெதுவாக நடை, பிறகு பாடம், பிறகு படிப்படியாக ஆட்டம், மோதலுக்கு முன் வைத்தியர் அனுமதி என்பது இப்போதைய முறை. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி ஏறிக் கொண்டே போவது, பல தடவை வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழாமை, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது ஆகியவற்றைக் கண்டால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே அந்த முதல் தாளை நாம் எழுதுவதாயிருந்தால் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதற்கு முன் பெரியவர்களிடம் எதிர்பார்ப்பதை எழுதுவோம். தலையில் அடிபட்ட பிள்ளையை 'ஆட முடியுமா' என்று நான் கேட்க மாட்டேன், சந்தேகம் தோன்றினால் நானே வெளியே அழைத்து வருவேன். தனக்கோ தன் தோழனுக்கோ தலை வலிக்கின்றதென்று வந்து சொன்ன பிள்ளையின் இடத்தை அதற்காகப் பறிக்க மாட்டேன். வைத்தியர் இல்லாத மைதானத்தில் மோதல் ஆட்டம் வைக்க மாட்டேன். தோற்ற பந்தயத்திற்காக எந்தப் பயிற்சி ஆசிரியரையும் வேலையிலிருந்து நீக்க மாட்டேன். இவற்றின் அடியில் பயிற்சி ஆசிரியர் கையெழுத்திடட்டும், தலைமை ஆசிரியர் கையெழுத்திடட்டும், பள்ளிக்கூட நிர்வாக சபையார் ஒவ்வொருவரும் கையெழுத்திடட்டும். அதற்குப் பிறகு பேனாவைப் பிள்ளையிடம் கொடுக்கலாம்.